தாலி கட்டேக்க விழுந்த கோல்

"இல்லைச் சண்முகநாதன், நீர் சொல்லுறது பிழை. அந்த வெள்ளைக்காரர் குடிவெறியில கத்தேல்லை. நான் போய்க் கேட்டனான், நீர் போகேல்லை."

"என்னக்கா நீங்கள்! கோல் விழுந்தா வெள்ளைக்காரன் கத்துவான்தானே. அது எங்கட நேரத்துக்கு விழுந்திட்டுது. அதுக்கேன் உவங்களைத் தூக்கி வைக்கிறியள்?"

"ஆறுதலாக் கேளும். உம்மட மருமோன் ஸ்ரீதரனுக்கும் என்ர தம்பியின்ர மகள் துர்க்காவுக்கும் கலியாணம். டோர்செட் பார்க்கில ஹோல். அந்த ஹோல் எடுத்ததே பெரிய கதை. தம்பி முதல்ல மோர்னிங்சைட்டில ஒரு மண்டபம் பாத்தவன். அங்கை ஓமம் வளர்க்க ஏலாதாம், புகை போனா மணி அடிக்குமாம். பிறகென்ன, பயர் எஞ்சின்காரரையும் பந்தியில இருத்த வேண்டியதுதான்..."

"அக்கா, விஷயத்துக்கு வாங்கோ."

"வாறன். ஹோலுக்கு நடுவில மடிக்கிற தடுப்பு. இஞ்சால நாங்கள். அங்கால ஸ்கொட்லாந்துக் கிழவன்மார் கொஞ்சப் பேர், கழுத்தில கோடு போட்ட சால்வை, விடியக் காலமையே பியர். அண்டைக்கு அவையின்ர ஊர் உதைபந்தாட்டக் கழகத்துக்குக் கப் பைனல். எதிர்ப்பக்கம் பக்கத்து ஊர்க் கழகம். ரெண்டும் கீழ்ப் பிரிவாம், இஞ்சை ரீவியில ஆர் காட்டப் போறான்? அங்கை ஊரில ஒருத்தர் ரேடியோவுக்குப் பக்கத்தில ரெலிபோனை வைச்சிருக்க, இஞ்சை எல்லாரும் மேசையில இருந்த போனின்ர ஸ்பீக்கரைச் சுத்தி நிண்டு கேட்டவை. கொழும்பில என்ர அத்தான்ர செத்தவீட்டை நானும் போனிலதானே கேட்டனான்."

"எனக்கென்ன தெரியும்? குடிச்சுப்போட்டுக் கத்திக்கொண்டு நிண்டவங்கள்."

"அதுதான் நீர் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு போனீர். என்ன சொன்னீரோ, வந்து 'வாயை மூடப் பண்ணிப்போட்டன்' எண்டீர்."

"பண்ணினன்தானே! பிறகு சத்தம் வந்ததே?"

"தாலி கட்டுமட்டும் வரேல்லை. எங்கட பக்கத்துச் சத்தத்தில அவைக்கு ரேடியோ கேட்டிருக்குமோ எண்டு நாங்கள் ஒருத்தரும் யோசிக்கேல்லை. இனி உம்மட அக்கா பேபி. மாப்பிள்ளையின்ர தாயெண்டா உப்பிடியே? காலமை விளக்கு நூந்திட்டுது. ஹீட்டர் காத்து நேர அடிச்சா நூராமல் என்ன செய்யும்? அதுக்கு அவ துர்க்காவைப் பாத்த பார்வை! 'இன்னொரு அபசகுனம் வந்துதோ, பெடியனை எழுப்பிக்கொண்டு போடுவன்' எண்டு தம்பிக்கு நேரையே சொன்னவ. அவன் வேர்த்து ஒழுகிக்கொண்டு நிண்டான்."

"அவ கொஞ்சம் அப்பிடித்தான்."

"கொஞ்சமோ? சரி. மேளகாரர் கிடைக்கேல்லை, மேளம் பதிஞ்ச கசெற்தான். உம்மட புது செட். 'ஜப்பான் சாமான், பிழைக்காது' எண்டனீர்."

"அக்கா, கசெற் ரேப் பழசு."

"ஓம், ரேப் பழசு. ஐயர் 'கெட்டிமேளம்' எண்டு கையைத் தூக்க, ஸ்ரீதரன் தாலியோட குனிய, ஜப்பான் சாமான் ரேப்பைத் தின்னத் தொடங்கீட்டுது. ஒரு இழுவை. பிறகு ஒண்டுமில்லை. ஹோல் நிறையச் சனம், ஒருத்தர் மூச்சு விடேல்லை. ஸ்ரீதரன் தாலியோட அப்பிடியே நிக்கிறான். அந்த நேரம் ஒரு கெட்ட சொல்லும் காதில விழக்கூடாதெண்டுதானே மேளமே அடிக்கிறது? பேபி எழும்பினா. 'நிப்பாட்...' எண்டது மட்டும் எனக்குக் கேட்டுது."

சண்முகநாதன் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார்.

"அப்பதான் தடுப்புக்கு அங்கால 'ஓ...' எண்டு ஒரு கூச்சல். மேசையில அடி, தட்டத்தில அடி, காலால உதை. ஹோல் அதிர்ந்தது. பேபியின்ர வாய் அசையுது, சத்தம் கேக்கேல்லை. ஐயர் ஸ்ரீதரன்ர முதுகில ஒரு தட்டு. மூண்டு முடிச்சும் விழுமட்டும் அவை ஓயேல்லை."

"அதைத்தானே நானும் சொல்லுறன். கோல்!"

"பேபியும் உதைத்தான் சொன்னவ. 'வெள்ளைக்காரன்ர கோலும் என்ர பிள்ளையின்ர முகூர்த்தத்துக்கு விழுந்திருக்கு, நல்ல சகுனம்' எண்டு துர்க்காவைக் கொஞ்சினா. நானும் கோலெண்டுதான் நினைச்சன். பந்தி முடிய ஒரு தட்டுப் பலகாரத்தோட, கலியாணத்துக்கு வந்திருந்த எங்கட றோசலினைக் கூட்டிக்கொண்டு போனனான். றோசலின் நேர்ஸ், நல்லா இங்கிலிஷ் கதைப்பாள். விட்பியில வீடு வாங்கிப்போட்டு வேலைக்கு வந்து போக அவள் படுற பாடு... சரி, அதை விடுவம். அங்கை போனா, செத்தவீடு மாதிரி இருக்கினம். ஒரு கிழவர் சால்வையால கண்ணைத் துடைக்கிறார்."

"ஏன்? தோத்திட்டாங்களோ?"

"தோத்திட்டினம். ரெண்டுக்குச் சைபர்."

"சைபரோ?"

"சைபர். ரெண்டும் மற்றவை போட்டது. 'அப்ப அந்தக் கூச்சல் எதுக்கு?' எண்டு றோசலின் கேட்டாள். அந்தக் கிழவர் அரியதரத்தைக் கடிச்சுக்கொண்டு சொன்னார், 'உங்கட ஆள் ஒருத்தர் வந்து எங்களை ஏசினவர். கட்டுற நேரம் மேளச் சத்தம் மட்டும்தான் கேக்கவேணுமாம், இல்லாட்டிப் பொம்பிளைக்குக் கூடாதாம். எட்டிப் பாத்தம், மாப்பிள்ளை நிக்கிறான், மேளத்தைக் காணேல்லை. அதுதான் நாங்கள் அடிச்சம். முடிஞ்சு வந்து போனைக் கேட்டா, மற்றவை ரெண்டாவதையும் போட்டிட்டினம்.'"

சண்முகநாதன் எழும்பிச் சப்பாத்தைத் தேடினார்.

"துர்க்கா! மாமாவுக்குக் குடிக்க ஏதும் கொண்டு வா பிள்ளை, மனிசன்ர சத்தத்தைக் காணேல்லை."