இருபத்திநாலாவது பேர்

மூணாவது வருஷமும் அதே தப்பு.

சீசனோட முதல் ஐஸ் ஹாக்கி மேட்சுக்கு அரங்க வாசல்ல ஒரு புத்தகம் விப்பாங்க. நடுப்பக்கத்துல டீம் பசங்களோட போட்டோ, பேர், சொந்த ஊர். டீம்ல இருக்கிறது இருபத்திமூணு பேர். புத்தகத்துல இருபத்திநாலு பேர் இருந்தாங்க.

அதிகப்படியான அந்த ஒருத்தன் கோல்பி. பதினேழு வயசு. தேர்வு முகாம் கடைசி நாள் வரைக்கும் தாக்குப்பிடிச்சவன். செவ்வாய்க்கிழமை, 'நீ வேணாம்ப்பா'ன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. வெள்ளிக்கிழமை மேட்சுக்கு வந்த புத்தகத்துல அவன் டீம் சட்டையைப் போட்டுக்கிட்டு சிரிச்சுட்டு நிக்கிறான்.

போன வருஷம் வேற ஒரு பையன். அதுக்கு முந்தின வருஷம் இன்னொருத்தன். மூணு பேருமே கடைசியா கழிச்சுக் கட்டப்பட்டவங்க.

புத்தகம் போட்டது ரெஜைனா நகரத்துல ஒரு டயர் கடைக்கு மேல இருக்கிற சின்ன ஆபீஸ். மொத்தமே அஞ்சு பேர். ஹாக்கி, ஐஸ்ல கல்லைத் தள்ளி விளையாடுற கர்லிங், பள்ளிக்கூட ஃபுட்பால்னு எந்த டீமுக்கும் புத்தகம், போஸ்டர், டிக்கெட் எல்லாம் வடிவமைச்சு அச்சுக்கு அனுப்புவாங்க. முதலாளி லோர்னா. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ப்ரூஃப் பார்த்துத் தப்பு திருத்துறவர் ஓரெஸ்ட்.

திங்கக்கிழமை காலையில டீம் மேனேஜர் கார்த் கூப்பிட்டார். லோர்னா போனை ஸ்பீக்கர்ல போட்டது தப்பாப் போச்சு. எண்ணத் தெரியாதவங்களை எல்லாம் வேலைக்கு வெச்சிருக்கீங்களான்னு ஆரம்பிச்சவர், அஞ்சு நிமிஷம் மூச்சு விடாம கத்தினார். கீழே டயர் மாத்திட்டு இருந்தவன்கூட நிமிர்ந்து பார்த்திருப்பான். அடுத்த சீசன் புத்தகத்தை வேற யாருக்காவது கொடுக்க வேண்டி வரும்னு சொல்லிட்டு போனை வெச்சார்.

அந்த டீம் போச்சுன்னா பாதி ஆபீஸ் போச்சு.

லோர்னா ஓரெஸ்ட்டைப் பார்த்தா. அவர் கம்ப்யூட்டரையே பார்த்துக்கிட்டு இருந்தார்.

இதுதான் யாருக்கும் புரியாத விஷயம். பல் டாக்டர் விளம்பரத்துல போன் நம்பர் ஒரு எண் மாறியிருந்ததைக் கண்டுபிடிச்சது ஓரெஸ்ட். ஒரு கோல்கீப்பர் பிறந்த வருஷம் தப்புன்னு அவன் அம்மாவுக்கே போன் போட்டுக் கேட்டதும் ஓரெஸ்ட்தான். அப்படிப்பட்டவருக்கு வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு பக்கத்துல மட்டும் கண்ணு தெரியாமப் போகுது.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் புதுப் பட்டியல் மெயில்ல வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு."

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"அப்புறம்?"

"என் தப்புதான் லோர்னா."

போன வருஷமும் இதேதான் சொன்னார், அதுக்கு மேல ஒரு வார்த்தை வரலை. கண்ணாடி மாத்தணுமா, வீட்டுல ஏதாவது பிரச்சினையான்னு அவ கேட்டுப் பார்த்தா. எல்லாத்துக்கும் தலையை மட்டும் ஆட்டினார். இத்தனை வருஷமா கூடவே இருந்த மனுஷன். ஆனா மீதி நாலு பேரும் சாப்பிடணுமே. இந்த வெள்ளிக்கிழமையோட நின்னுக்கோங்கன்னு சொல்லிட்டா. சரின்னுட்டு அவர் அடுத்த ப்ரூஃபை எடுத்தார். கர்லிங் கிளப்போடது. ரெண்டாவது வரியிலயே ஒரு தப்பைச் சுழிச்சார்.

மத்தியானம் லோர்னா காரை எடுத்துக்கிட்டு முக்கால் மணி நேரம் ஓட்டி டீமோட ஊர்ல இருக்கிற அரங்கத்துக்குப் போனா. நேர்ல மன்னிப்புக் கேட்டாத்தான் மரியாதைன்னு நினைச்சா.

கார்த் உள்ள பசங்க பயிற்சியைப் பார்த்துக்கிட்டு நின்னார். கையில ஆறிப்போன காபி. அந்த ஊர்ல அவரைப் பார்த்தா பசங்க தெருவுக்கு அந்தப் பக்கம் போயிடுவாங்க. முகாமுக்கு வர்ற அறுபது பேர்ல முப்பத்தேழு பேரைக் கூப்பிட்டு 'கிளம்பு'ன்னு சொல்றது அவர் வேலை. முகத்துல ஒரு சலனமும் இல்லாம சொல்வார்னு பேர்.

லோர்னா மன்னிப்புக் கேட்டா. திருத்தின புத்தகம் அடுத்த மேட்சுக்குள்ள வந்துடும்னா. அப்புறம், தப்பு பண்ணின ஆளை வேலையை விட்டு எடுத்தாச்சு, இனிமே இப்படி நடக்காதுன்னா.

கார்த் காபியைக் கீழே வெச்சார். அவளைத் தன் ரூமுக்குக் கூட்டிட்டுப் போய்க் கதவைச் சாத்தினார்.

"யாரை எடுத்தே?"

"ஓரெஸ்ட்டை."

"அடக் கடவுளே. அவர் ஒண்ணும் சொல்லலையா?"

"என் தப்புதான்னார்."

கார்த் நாற்காலியில உட்கார்ந்தார்.

"முதல்ல அவருக்குப் போன் போட்டு வேலைக்கு வரச் சொல்லு. அந்தப் பேரை எடுக்காதீங்கன்னு வருஷா வருஷம் அவர்கிட்ட கெஞ்சுறது நான்தான்."

எதுக்குன்னு கேட்டா லோர்னா.

"மத்தவங்க எல்லாம் ரெண்டு மூணு நாள்ல போயிடுறாங்கம்மா. இந்தக் கடைசிப் பையன் மட்டும் டீம் சட்டை போட்டு, போட்டோ எடுத்து, ஊர் பூராவும் சொல்லிடுறான். அதுக்கு அப்புறம்தான் நான் போய் வேணாம்னு சொல்றேன். வீட்டுக்குப் போறப்போ அவன் கையில காட்டுறதுக்கு ஒண்ணுமே இல்லை. அதான் அவன் பேர் இருக்கிற புத்தகம் ரெண்டை நானே அவனுக்குத் தபால்ல அனுப்பி வைப்பேன்."

"அப்போ காலையில எதுக்கு அந்தக் கத்து கத்தினீங்க?"

"பக்கத்துல டீமை நடத்துற கமிட்டிக்காரங்க நாலு பேர் உட்கார்ந்திருந்தாங்க. நான் அப்படிக் கத்தலைன்னா, அடுத்த வருஷம் பட்டியலை அவங்களே சரிபார்க்க ஆரம்பிச்சிடுவாங்க."