சத்தமில்லாத கைதட்டல்

“முதல்ல அந்த ஸ்பீக்கரை நிறுத்துங்க சார்! எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருக்கு, பாருங்க!”

பூங்கா மேடைக்கு மூச்சிரைக்க ஓடி வந்தவர் ‘ரேடியோ’. குடியிருப்புக்கென்று ஒரு வாரச் செய்தித்தாள் நடத்துகிறவர். எந்த வீட்டில் தும்மினாலும் அவருக்குத் தெரிந்துவிடும் என்பதால் அந்தப் பட்டப்பெயர்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் கையில் மைக்கோடு திகைத்து நின்றார். கோடை விழாவின் பாட்டு நிகழ்ச்சி அப்போதுதான் சூடு பிடித்திருந்தது. ஊரே நாற்காலிகளில் உட்கார்ந்து, கிடைத்த காகிதத்தால் விசிறிக்கொண்டிருந்தது.

“ஜன்னல் திறந்திருந்தா என்ன?”

“பெரியவருக்கு ரொம்ப முடியலையாம் சார். டாக்டர் வந்து பாத்துட்டுக் கையை விரிச்சுட்டார். வெக்கை தாங்காம கட்டிலை ஜன்னலோரமா இழுத்துப் போட்டிருக்காங்க, பாவம். நாம என்னடான்னா அவர் காதுக்குள்ள பாட்டைப் போட்டு அலற விட்டுக்கிட்டிருக்கோம்!”

செயலாளருக்குச் சுருக்கென்றது. எதிர்வீட்டுப் பெரியவரை அவர் அவ்வளவு லேசில் மறந்துவிட முடியாது. போன கோடையில் பெரியவர் பூங்கா வாசல் வரை வந்து, “என்னய்யா ஸ்பீக்கர் வச்சிருக்கீங்க?” என்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார். அதை ரேடியோ, ‘பாட்டுச் சத்தம்: முதியவர் ஆவேசம்’ என்று கொட்டை எழுத்தில் முதல் பக்கத்தில் போட்டுவிட்டார். அடுத்த சங்கக் கூட்டத்தில் செயலாளர் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

மேடையைத் திரும்பிப் பார்த்தார். மகளிர் பாட்டுக் குழு அடுத்த பாட்டுக்குத் தயாராக நின்றது. நடுநாயகமாக அவருடைய மனைவி. இந்த ஒரு மாலைக்காகக் கோடை முழுக்கப் பாத்திரம் கழுவும்போதும் துணி காயப்போடும்போதும் பாடிப் பாடிப் பழகியவள். இந்தப் பக்கம் போனால் பாவம், அந்தப் பக்கம் போனால் பெண்டாட்டி. மனிதர் என்னதான் செய்வார்?

மேடையேறி அவள் காதில் விஷயத்தைச் சொன்னார்.

“மைக் இல்லாம, மெதுவா, ஒண்ணே ஒண்ணு பாடிக்கட்டுமாங்க? எல்லாரும் ஆசையா வந்திருக்காங்க.”

“அவர் காதுல விழுந்துட்டா?”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “சரி, வேண்டாம். அங்க ஒரு உயிர் ஊசலாடும்போது நமக்கென்ன பாட்டு” என்று சொல்லிவிட்டு, மற்றப் பெண்களை அழைத்துக்கொண்டு மேடையோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

ஸ்பீக்கர் நின்றது. செயலாளர் மைக்கை வைத்துவிட்டு, ஒவ்வொரு வரிசையாகப் போய்த் தணிந்த குரலில் சொன்னார். எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்கிற அந்தக் குடியிருப்பில் அன்றைக்கு ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. கிறீச்சிடும் ஊஞ்சலிலிருந்து பிள்ளைகளை இறக்கினார்கள். செல்போன்களை அணைத்தார்கள்.

பரிசளிப்பு மட்டும் நடந்தது, ஊமைப் படம் மாதிரி. பெயரைக் கூப்பிடாமல் விரலைக் காட்டி அழைத்தார்கள். கைதட்டுவதற்குப் பதிலாக எல்லோரும் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி அசைத்தார்கள். செயலாளரும் கைகளைத் தூக்கி அசைத்தார். போகிற உயிரை யாரால் பிடித்து நிறுத்த முடியும்? நம்மால் ஆனது இவ்வளவுதான், இதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று நினைத்துக்கொண்டார்.

ரேடியோ வளைத்து வளைத்துப் படம் எடுத்தார். “தலைப்புகூட யோசிச்சுட்டேன் சார். ‘பாட்டை நிறுத்திய பாசம்.’ எப்படி?”

“மெதுவாப் பேசுங்க.”

எதிர்வீட்டு ஜன்னலில் பெரியவரின் மனைவி தெரிந்தார். கட்டில் பக்கமாகக் குனிந்து ஏதோ சொல்வதும், நிமிர்ந்து பூங்காவை எட்டிப் பார்ப்பதும், மறுபடி குனிவதுமாக இருந்தார். ஒருமுறை இந்தப் பக்கம் பார்த்துக் கையைக்கூட ஆட்டினார்.

“பாத்தீங்களா, நன்றி சொல்றாங்க” என்றார் ரேடியோ.

செயலாளர் இருந்த இடத்திலிருந்தே கும்பிட்டார். கூட்டமும் திரும்பி, கைகளைத் தூக்கிச் சத்தமில்லாமல் அசைத்தது. அந்தம்மா ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு ஜன்னலை விட்டுப் போய்விட்டார்.

கடைசிப் பரிசைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர் பூங்கா வாசலில் வந்து நின்றார். காலில் செருப்பில்லை, தலை கலைந்திருந்தது. வரிசை வரிசையாக எல்லோரும் எழுந்தார்கள்.

செயலாளர் ஓடினார். “அம்மா, ஒரு சத்தம் வராமப் பாத்துக்கிட்டோம்மா. இன்னும் ஏதாவது தொந்தரவா இருந்தா சொல்லுங்க, கலைஞ்சு போயிடறோம்.”

அந்தம்மா அவரைப் பார்க்கவில்லை. மேடையோரம் உட்கார்ந்திருந்த பாட்டுக் குழுவையே பார்த்தார்.

“போயிட்டார்” என்றார்.

செயலாளரின் மனைவி ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை விடாமல் அவர் கேட்டார்:

“‘அடுத்த பாட்டு இப்ப வந்துரும், இருங்க, இருங்க’ன்னு சொல்லிச் சொல்லியே அவரைப் பிடிச்சு வச்சிருந்தேன்... ஏம்மா நிறுத்துனீங்க?”