பச்சை டிக்

"சரியாகிவிட்டது. எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி."

காலையிலிருந்து நாற்பதாவது முறையாக அவன் இதைப் போனில் படித்தான். பக்கத்தில் 'தீர்ந்தது' என்று பச்சை டிக் வேறு. ஆறு வருடங்களுக்கு முன், தமிழ்க் கணினி மன்றம் ஒன்றில் யாரோ ஒரு புண்ணியவான் எழுதியது.

அதே மாடல் லேப்டாப், பழைய கணினிகளுக்கான அதே எடை குறைந்த லினக்ஸ், அதே கிராபிக்ஸ் டிரைவர் தகராறு. அவருக்கு மேலே பத்துப் பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு யோசனை சொல்லியிருந்தார்கள். எப்படிச் சரியானது என்பதை மட்டும் மனிதர் எழுதவில்லை. கீழே பதினேழு பேர் "எப்படி?" என்று கேட்டு, பதில் வராமல், தனித்தனியாக வாழ்க்கையை வெறுத்திருந்தார்கள்.

மேசைமேல் அவனுடைய லேப்டாப் கிடந்தது. அக்காவின் அலுவலகம் கழித்துக்கட்டிய பதினோரு வயதுக் கிழம். விசிறி மாவு மில் போல இரைந்தது. திரை கன்னங்கரேலென்று இருந்தது. இடது மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும், உள்ளே ஆள் இருக்கிறது, ஆனால் வெளியே வராது என்பதுபோல் சிமிட்டிக்கொண்டிருந்தது.

மத்தியானம் இரண்டு மணிக்கு இறுதியாண்டு புராஜெக்டைத் தேர்வாளர் முன் ஓட்டிக் காட்ட வேண்டும். பலத்த காற்றில் ஒரு பாலம் எப்படி ஆடும் என்று காட்டும் முப்பரிமாணப் படம். போன தடவை, படத்தை வேகமாக ஓட்டும் அந்த டிரைவர் இல்லாமலே ஓட்டினான். பாலம் இந்தப் பக்கம் சாய்ந்து அந்தப் பக்கம் வருவதற்குள் தேர்வாளர் காபி குடித்துவிட்டு வந்து ஃபெயில் போட்டார்.

இந்தத் தடவையும் போனால், கையிலிருக்கும் வேலைக் கடிதம் வெறும் காகிதம். கல்லூரிக் கணினிகளில் எதையும் நிறுவ விடமாட்டார்கள். நண்பர்களின் லேப்டாப்புகளில் அவரவர் தலைவிதி ஓடிக்கொண்டிருந்தது.

"என்னடா, உயிர் வந்துச்சா?" ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே அக்கா எட்டிப்பார்த்தாள்.

"வரும்."

"முந்தாநேத்தும் இதையேதான சொன்ன?"

"முந்தாநேத்து நம்பிக்கையில சொன்னேன். இன்னிக்குப் பழக்கத்துல சொல்றேன்."

அவள் குனிந்து போனைப் பார்த்தாள். "இந்த ஆளுக்குத்தான் சரியாயிடுச்சே. அவரையே கேட்டுத் தொலையேன்."

"பதினேழு பேர் கேட்டாச்சுக்கா. பதிலே இல்ல."

"எழுதிக் கேட்டா எவன்டா பதில் சொல்லுவான்? பேருக்குக் கீழயே நம்பர் போட்டிருக்காரே. போட்டோ பிரேம் கடையாம். கூப்பிடு."

மூன்று நாளாக அந்தப் பக்கத்தைப் பாராயணம் செய்தவனுக்கு, ஒரு மனிதருக்குப் போன் போட்டுக் கேட்கலாம் என்று தோன்றவே இல்லை. படித்த படிப்பு அப்படி.

மணி பன்னிரண்டரை. இரண்டாவது ரிங்கிலேயே எடுத்துவிட்டார்கள்.

"பிரேம் கடைங்க."

அவன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். மாடல் எண்ணைக் கேட்டதும் அந்தக் குரல் பால்ய சிநேகிதனைக் கண்டதுபோல் துள்ளியது.

"அட, அதுவா! இன்னும் வெச்சிருக்கீங்களா தம்பி?"

"ஆமாங்க சார். டிரைவர் போட்டதும் ஸ்கிரீன் கறுப்பாயிடுது."

"அதேதான், அதேதான்! மூலையில வெள்ளைக் கோடு மின்னுமே?"

"மின்னுது சார்!" அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"சரி, என்னென்ன செஞ்சு பாத்தீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

அவன் கொட்டினான். பழைய டிரைவர், புது டிரைவர், கெர்னலை ஒரு பதிப்பு பின்னால் கொண்டுபோனது, மூன்று முறை எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவியது.

"மெதுவா தம்பி, மெதுவா. எழுதிக்கிறேன். கெர்னல் எத்தனாவது பதிப்பு சொன்னீங்க?"

தாளில் பேனா ஓடும் சத்தம் கேட்டது. மூன்று நாளில் முதன்முறையாக அவன் முதுகு நாற்காலியில் சாய்ந்தது. நல்ல டாக்டர் இப்படித்தான், முழுக்கக் கேட்டுக்கொண்டுதான் வாயைத் திறப்பார். அக்காவிடம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, 'நான் சொல்லல?' என்று புருவத்தை ஏற்றினாள்.

"ம், அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல சார், அவ்வளவுதான். ரெண்டு மணிக்கு வைவா. நீங்க எப்படி சரி பண்ணீங்கன்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா, நான் இப்பவே..."

மறுமுனையில் பேனா நின்றது.

"எனக்கு எங்க தம்பி சரியாச்சு? அத்தனை பேர் மெனக்கெட்டுப் பதில் போட்டாங்களேன்னு, ஆகலைன்னு சொல்ல மனசு வரல."