இடுப்பில் இரண்டு எழுத்து

“மேடம், இந்த பக்கிள் தலைகீழா இருக்கு,” என்றார் நடுவர் ஹார்லன், கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து.

அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்துப் பொருள்களின் கண்காட்சியில் வெர்னெல் வைத்திருந்தது ஒரே ஒரு பித்தளை பெல்ட் பக்கிள்தான். “தெரியும். அப்படித்தான் இருக்கணும்,” என்றாள்.

“யு.எஸ்.ங்கிறது வடக்குப் படையோட எழுத்து, நேரா நிக்கணும். வடக்குப் படைக்காரன்கிட்ட பறிச்ச பக்கிளை, தெற்குக்காரன்தான் வீம்புக்குத் தலைகீழா மாட்டுவான். உங்க ஆளு தெற்கா?”

“வடக்கு. என் பாட்டனுக்குப் பாட்டன்.”

“அப்போ திருப்பி வைங்க. இல்லன்னா பரிசுக்கு எடுத்துக்க மாட்டோம். பாக்குறவங்க சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும்.”

“பிடிவாதத்துக்கும் ஒரு அளவு வேணும், மேடம்.”

வெர்னெல் நிமிர்ந்து நின்றாள். “அவர் பருத்திக் காட்டுலேருந்து தப்பிச்சுப் போய்ப் பட்டாளத்துல சேர்ந்த அடிமை, ஐயா. அதுவரைக்கும் எழுத்துப் பக்கம் போனா சவுக்கடி. முதமுதல்ல அவர் கத்துக்கிட்ட ரெண்டு எழுத்தும் இந்த பக்கிள்லதான்.”

“அதுக்கு ஏன் தலைகீழா?”

“உங்க பெல்ட்டைக் கொஞ்சம் குனிஞ்சு பாருங்க.”

ஹார்லன் குனிந்தார். அவருடைய பக்கிளில் இருந்த எழுத்துகள் தலைகீழாகத் தெரிந்தன.

“நீங்கல்லாம் எதிர்ல நின்னு படிக்கிறீங்க,” என்றாள் வெர்னெல். “அவர் இடுப்புல கட்டிக்கிட்டுப் படிச்சார்.”