ஸ்டாக்ஹோமில் எப்போது இருட்டும்?

“நம்ம ரிஷப் வேலை பாக்குற ஸ்டாக்ஹோம்ல என்னென்ன அரமனை, மியூசியம்னு ஒரு மாசமா காட்டிக்கினு இருக்கேன். நீ என்னடான்னா, பொழுது எப்ப சாயும்னே கேக்குற!” திண்டிவனம் வீடே அதிரக் கத்தினார் தரணேந்திரன்.

“டிசம்பர்ல மூணு மணிக்கே இருட்டிடுதாம். ஜூன்ல போலாங்க” என்றாள் மனைவி சாந்தாமணி.

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பனியைப் பார்க்கத்தானே டிசம்பர்!

“பொழுது சாஞ்சா சாப்பிடக் கூடாதுன்ற நம்ம ஜைன வழக்கத்த நானும் புள்ளையும் எப்பவோ விட்டாச்சு. நீ அங்கயும் தூக்கிக்கினு வர்றியா? ரெண்டு மணிக்கே சாப்ட்டுத் தொலை!”

“தனியாவா?” அவள் குரலும் உயர்ந்தது. “அவன் இங்க இருந்தவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் ராத்திரி ஒம்போது மணிக்கு உக்காருவீங்க, நான் பரிமாறிக்கினு நிப்பேன். ஜூன்ல அங்க பத்து மணிக்குத்தான் பொழுது சாயுது. ஒரு நாளாவது எம்புள்ள பக்கத்துல நானும் தட்டு வச்சிக்கினு உக்கார வேணாமா?”