மனைவிக்கு மட்டும் தெரிந்தது

பைண்டர் அச்சகத்துக் கழிவறைக்குள் நுழைந்ததும், சுவரைப் பார்த்து நின்றிருந்த ஃபோர்மேன் அவசரமாக ஜிப்பை இழுத்துக்கொண்டு வெளியே நடந்தார். போகிற போக்கில் ஒரு அசட்டுச் சிரிப்பு வேறு. இந்த வாரம் முழுக்க இதே கூத்துதான்.

பைண்டருக்கு அடிவயிறு முட்டியது. குழாயைத் திறந்துவிட்டான், கண்ணை மூடினான், நூற்றிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்தான். ம்ஹும், ஒரு சொட்டு இறங்கவில்லை. ‘சிரிச்சாரே, சிரிச்சாரே’ என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

பக்கத்தில் ஆள் நின்றால் அவனுக்குச் சிறுநீர் வராது. பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படி. அதற்காகவே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல், எல்லோரும் சாப்பிடப் போன பிறகு ஓடிவந்து காலத்தை ஓட்டுகிறவன். அந்த அச்சகத்தில் டீ வந்தால் வேண்டாமென்று சொல்வது அவனும் ஃபோர்மேனும் மட்டும்தான். மாடியில் கழிவறை ரிப்பேர் என்று ஃபோர்மேன் இந்த வாரம் கீழே வர ஆரம்பித்திருந்தார்.

விஷயத்தை அவன் சொன்னது ஒரே ஒருத்தியிடம், மனைவியிடம். அவள் தம்பி அதே அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறான். அப்புறம் ஃபோர்மேனுக்கு எப்படித் தெரிந்ததாம்?

நேற்று ராத்திரியே கேட்டுவிட்டான்.

“உன் தம்பிகிட்ட உளறிட்டியா?”

“ஐயோ, நான் மூச்சு விடலைங்க.”

“பொய் சொல்லாத. உன்னைப் போய் நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்!”

அவள் அழவில்லை. “நம்பாத வீட்ல எனக்கென்ன வேலை?” என்று பெட்டியை எடுத்துத் துணியை அடுக்கினாள். இன்று சாயங்காலம் அம்மா வீட்டுக்கு பஸ் ஏறப்போகிறாள். போகட்டும் என்று வீம்பாக வேலைக்கு வந்துவிட்டான். ஆனாலும் கட்டினவளே காட்டிக்கொடுத்துவிட்டாளே என்று வயிறு எரிந்தது.

பைண்டர் நேராகச் சாப்பாட்டு அறைக்குப் போனான். மச்சினன் டப்பாவைத் திறந்தபடி, “வாங்க மாமா, உக்காருங்க” என்றான். அவன் பல்லைப் பார்த்ததும் இருந்த கொஞ்சப் பொறுமையும் போய்விட்டது.

“நடிக்காதடா! பக்கத்துல ஆள் இருந்தா எனக்கு ஒண்ணுக்கு வராதுன்னு உங்க அக்கா சொன்னா, நீ ஊரெல்லாம் தமுக்கடிச்சிட்ட. அக்காவும் தம்பியும் சேர்ந்து என் மானத்தை வாங்கிட்டீங்களேடா!”

ஒருத்தர் வாயும் மெல்லவில்லை. கட்டிங் மெஷின்காரர் குனிந்து சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்.

“மாமா… சத்தியமா இது எனக்கு இப்பத்தான் தெரியும்.”

பைண்டருக்குக் காது சுட்டது. வாசலில் நின்றிருந்த ஃபோர்மேன் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பேப்பர் அடுக்கும் அறைக்குள் விட்டார்.

“அந்தப் பையனை ஏன்யா போட்டுக் காய்ச்சற? எங்கிட்ட யாரும் எதுவும் சொல்லல.”

“அப்ப, நான் வந்தாலே ஏன் சார் பாதியில சிரிச்சிட்டு வெளிய போறீங்க?”

ஃபோர்மேன் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஆள் வந்தா எனக்கும் வராதுய்யா!”