வெளியாள் கண்

மூன்று மாதத்தில் பதினொரு குழந்தைகள் வராமல் நின்றுவிட்டார்கள். இப்படியே போனால் இந்தப் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தை மூட வேண்டியதுதான். காரணத்தைக் கண்டுபிடிக்கும் வேலையை நிர்வாகி ஓர் ஆய்வு நிறுவனத்திடம் ஒப்படைத்தாள்.

“காரணம்தானே டீச்சர்? அதை நானே...” என்று ஆரம்பித்தாள் சமையல்கார அக்கா.

“நீங்க அடுப்பைப் பாருங்கக்கா. இதுக்கெல்லாம் வெளியாள் கண்ணு வேணும்.”

நிறுவனத்துக்காரர் போனில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “எங்க ஆள் யாருன்னு கேக்கக் கூடாது. தெரிஞ்சா எல்லாரும் நடிப்பாங்க.”

அன்றிலிருந்து குழாய் ரிப்பேருக்கு வந்தவருக்குக்கூட நிர்வாகி நாற்காலி போட்டு உபசரித்தாள்.

ஒரு மாதத்தில் பளபள அட்டை போட்ட அறிக்கை வந்தது. ‘மதியம் தூக்கம் வராத குழந்தைகளையும் அதட்டிப் படுக்க வைக்கிறார்கள். நிர்வாகியின் குரல் கேட்டாலே சின்னதுகள் மேசைக்கு அடியில் போய்விடுகின்றன.’

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் அன்றே கட்டாயத் தூக்கத்தை நிறுத்தினாள். குரலையும் இறக்கினாள். அடுத்த மாதம் ஏழு குழந்தைகள் திரும்பி வந்தார்கள்.

“பாத்தீங்களாக்கா, வெளியாள்னா வெளியாள்தான்!” என்றபடி நிறுவனத்துக்குப் போன் போட்டாள். “அந்த ஆய்வாளருக்கு நேர்ல நன்றி சொல்லணும் சார். இப்பவாவது யாருன்னு சொல்லுங்க.”

“வேலைதான் முடிஞ்சிடுச்சே, சொல்றேன். புது ஆளைப் பாத்தா குழந்தைங்க அழுதுடும் மேடம். அதனால உங்க சமையல்கார அம்மாவையே பிடிச்சோம். அவங்க சொல்லச் சொல்ல நாங்க டைப் அடிச்சோம்.”

நிர்வாகி மெல்லத் திரும்பினாள். “ஏன்க்கா, இதை எங்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல?”

“ஒன்பது தடவ சொன்னேன் டீச்சர். அட்டை போட்டுக் கொடுத்தாத்தான் உங்க காதுல விழுது.”